ஒரு ரீல் வெள்ளை, ஒரு ரீல் மஞ்சள்

போன வாரம் வலது கண்ணில் கட்டுப் பிரித்தார்கள். கேட்டராக்ட். செங்கல்பட்டில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்து சேரில் உட்கார்ந்ததும் மனைவி காபி கொண்டுவந்தாள்.

"என்ன வசந்தா, புதுப் புடவையா?"

"இதுவா? ஏழு வருஷமா கட்டிட்டிருக்கேன்."

"நீலமா இருக்கே..."

"வாங்கும்போதும் நீலம்தான். நீங்கதான் சாம்பல் கலர்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க."

வலது கண்ணை மூடினேன் — சாம்பல். இடது கண்ணை மூடினேன் — நீலம். அப்புறம் சுவர், காலண்டர், தலையணை உறை என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். இடது கண்ணுக்கு இன்னும் ஒரு மாசம் கழித்துத்தான் ஆபரேஷன். அதுவரை எனக்கு எல்லாமே இரண்டு கலர்.

இந்த வித்தையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போது என்னோடு சேர்ந்து ஒரு சினிமா தியேட்டரே பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு மெயின்டெனன்ஸில் வேலை — மீட்டர், ஒயர், ரிலே, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு திருக்கழுக்குன்றம் பக்கம் இருந்த ஒரு தியேட்டருக்குப் போவோம். பேர் வேண்டாம், ஓனர் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அது 'கொட்டாய்'. சிமென்ட் கட்டடம், மேலே ஷீட், முன்னால் பெஞ்சு, பின்னால் சேர்.

ஒரு ஞாயிறு. படத்தில் ஹீரோவுக்கு ஒரு கடிதம் வருகிறது. படிக்கிறார். அழுகிறார். அந்தக் கடிதத்தை ஸ்கிரீன் முழுக்கக் காட்டினார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மஞ்சளாக ஒரு மங்கல், அவ்வளவுதான்.

பக்கத்து சீட்காரர் என் பக்கம் சாய்ந்தார். "இன்னா சார் எழுதிக்கீது?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஹீரோ ஏன் அழுதார் என்று தெரியாமலே இன்டர்வெல் வந்துவிட்டது.

வசந்தா என்னைப் பார்த்தாள். "ஆபீஸ்ல ஒரு பல்ப் எரியலன்னா மூணு பேரைக் கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேப்பீங்க. இங்க வாயைத் திறக்க மாட்டீங்களா?"

எழுந்தேன். தியேட்டருக்குப் பின்னால் ஒரு இரும்பு மாடிப்படி. ஏறிப்போய் ஆபரேட்டர் ரூம் கதவைத் தட்டினேன்.

உள்ளே அனல். கரிப்புகை. இரண்டு பெரிய புரொஜெக்டர்கள், ஒரு ரீல் இதில், அடுத்த ரீல் அதில். நடுவில் பனியனோடு ஒல்லியாக ஒருவர். முப்பத்தைந்து வயசிருக்கும். பேர் அற்புதம்.

"படம் சரியாத் தெரியல," என்றேன்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"தெரியலன்னு தெரியும் சார்."

சண்டை போடப் போனவனுக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தால் என்ன செய்வது? அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். மெஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டினார்.

உள்ளே பென்சில் மாதிரி இரண்டு கார்பன் குச்சிகள், நுனியோடு நுனி பார்த்தபடி. நடுவில் கொஞ்சம் இடைவெளி. கரன்ட் பாயும்போது அந்த இடைவெளியில் வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு தீ எழும்பும். அந்தத் தீயின் வெளிச்சத்தைப் பின்னால் இருக்கும் கண்ணாடி வாங்கி ஃபிலிம் வழியாக ஸ்கிரீனுக்கு அனுப்பும். நாம் பார்க்கிற சினிமா அதுதான். குச்சி எரிய எரிய இடைவெளி அகலமாகும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்துப் பார்த்து, திருகியைத் திருகி, குச்சிகளைக் கிட்டே கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் படம் மஞ்சளாகும். இன்னும் அசந்தால் இருட்டு.

"கண்ணாடி தேஞ்சி பூட்ச்சி சார். நல்ல குச்சியும் கெடைக்கறதில்ல," என்றார் அற்புதம். "மெட்ராஸ்ல எல்லாம் செனான் பல்பு மாட்டிகினாங்கோ. ஒரு தபா போட்டா சொம்மா நின்னு எரியும். வெள்ளையா, பகல் மாதிரி. நாலு வருஷமா மொதலாளி கைல சொல்லிகினு கீறேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"பொங்கலுக்கு அப்பால கல்யாண மண்டபம் ஆக்கப்போறேன்றாரு. ஆளு வந்து டேப்பு வச்சி அளந்துட்டுப் பூட்டான்."

"அப்ப நீங்க?"

அவர் கார்பனைத் திருகினார். "மண்டபத்துல சீரியல் லைட்டு போடுன்றாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் பத்தாவது முடித்து, ஆபரேட்டர் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதி, முதல் தடவையிலேயே பாஸானவர். அந்த லைசென்ஸை ஃபிரேம் போட்டு ரூம் சுவரில் மாட்டியிருந்தார். புகையில் கண்ணாடி கறுத்துப் போயிருந்தது. நடுவில் மட்டும், பேர் இருக்கும் இடத்தில், துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

கீழே இறங்கி ஓனரைப் பார்த்தேன். ரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, கேட் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி.

"ஜனங்களுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார். "படம் ஓடுதா, பாட்டு கேக்குதா, பார்த்துட்டுப் போயிகினே கீறாங்கோ. இத்தினி வருஷத்துல படம் மங்கலா கீதுன்னு வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"மங்கலா இருக்கறதாலதானே கூட்டமே வரல?"

"புதுப் படம் குடுக்கமாட்டேன்றானுங்கோ சார். எல்லா ஊர்லயும் ஓடித் தேஞ்ச பிறகுதான் எனக்கு வருது. அப்பால கூட்டம் எங்கேந்து வரும்?"

"உங்க ஸ்கிரீனைப் பார்த்தா யார் புதுப் படம் குடுப்பாங்க?"

மடக்கிவிட்டதாக நினைத்தேன். ஆனால் அவர் முதலில் சொன்னதில் ஒரு உண்மை உறுத்தியது. நானே இரண்டு வருஷமாக அந்த மங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை. வெளிச்சம் ஒரே நாளில் பாதியானால் கத்தியிருப்போம். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால்? கண் பழகிக்கொள்ளும். வாயும் பழகிக்கொள்ளும். ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆபீஸில்... எத்தனை மங்கலுக்கு இப்படிப் பழகியிருக்கிறோம்?

இன்டர்வெல் முடிந்து மணி அடித்தது. அதற்குள் அற்புதம் கீழே வந்துவிட்டார். நாங்கள் பேசுவதை மாடிப்படியிலிருந்து கேட்டிருக்கிறார்.

"மொதலாளி, ஒரே ஒரு மெஷின்ல மட்டும் செனான் மாட்டிப் பாக்கலாம். ஒரு ரீலு பழசுல ஓடட்டும், அடுத்த ரீலு புதுசுல ஓடட்டும். ஜனங்களே சொல்லட்டும். ஒரு ஆளுகூட ஒண்ணும் சொல்லலன்னா நீங்க மண்டபமே கட்டிக்கோங்கோ. நான் வாயத் தொறக்கமாட்டேன். சீரியல் லைட்டே போடறேன்."

தன் வேலையையே பந்தயத்தில் வைத்துவிட்டார் மனுஷன்.

"ஒரு தபாதான். அதுக்கு மேல கேக்கக் கூடாது," என்றார் ரத்தினம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் தகவல் கிடைத்தது. சென்னையில் ஒரு தியேட்டரை இடிக்கப் போகிறார்கள், அங்கே ஒரு செனான் விளக்குப் பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். பெட்டியோடு ஒரே ஒரு பல்பு. அதுவும் வெளிநாட்டு பல்பு. அது போனால் போனதுதான்.

அற்புதம் அந்தப் பத்து நாள் செய்ததை நான் இன்றைக்கும் ஆபீஸ் பிள்ளைகளிடம் சொல்வேன். காலையில் செங்கல்பட்டு போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிப்பார். சென்னையில் தெரிந்த ஆபரேட்டர் ஒருவரின் ரூமில் மார்னிங் ஷோ முடிகிற வரை ஓரமாக நிற்பார். பல்பை எப்படிப் பிடிப்பது, எப்படி மாட்டுவது, எதைத் தொடக் கூடாது — எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிக்கொள்வார். சாயங்கால ஷோவுக்குத் திரும்பி வந்து கார்பன் திருகுவார். யாரும் போகச் சொல்லவில்லை. டிக்கெட் செலவும் அவருடையதுதான்.

ஒரு ஞாயிறு காலையில் பெட்டி வந்து இறங்கியது. கூடவே ஒரு மெக்கானிக். வேக வேகமாக வேலை செய்கிற ஆள். பதினோரு மணிக்குள் பெட்டியை மெஷினோடு பொருத்தி, கரன்ட்டை டிசியாக மாற்றித் தரும் ரெக்டிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து முடித்துவிட்டார். பல்பை மட்டும் அற்புதம் தானே மாட்டுவதாகச் சொன்னார். பல்புக்குள்ளே காஸை அழுத்தி அடைத்து வைத்திருப்பார்கள். கைதவறினால் குண்டு மாதிரி வெடிக்கும். விரல் ரேகை பட்டால்கூட அந்த இடம் சூட்டில் கெட்டுப்போகும். அற்புதம் கையில் புதுத் துணி கிளவுஸ், தலையில் யாரிடமோ கடன் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மாட்டினார்.

"ஆச்சில்ல? சொம்மா சுச்சி போடு அண்ணாத்த," என்றார் மெக்கானிக்.

"இருங்கோ," என்றார் அற்புதம். என் பக்கம் திரும்பினார். "சார், மீட்டர் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தேன்.

"பிளஸ்ஸு மைனஸ்ஸு பாக்காம போடாதேன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்கோ. மாறிப் பூட்ச்சின்னா பல்பு அவ்ளோதானாம்."

மெக்கானிக் சிரித்தார். "நான் எத்தினி கொட்டாய்ல மாட்டிக்கீறேன் தெரியுமா? செவப்பு ஒயரு பிளஸ்ஸு. இதுக்கு இன்னா மீட்டரு?"

ரத்தினத்துக்கும் பொறுமை போய்விட்டது. "அவரு தொழில் பண்றவரு. நீ பத்து நாள்ல கத்துகினு வந்து அவருக்கே சொல்றியா? போடு."

அற்புதம் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை. "மொதலாளி, மீட்டர் வைக்காம நான் போடமாட்டேன். நீங்க வேணும்னா என்னை அனுப்பிட்டுப் போட்டுக்கோங்கோ."

நான் பல்புக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரெக்டிஃபயரை மட்டும் ஆன் செய்து, சிவப்பில் மீட்டரின் பிளஸ் முனை, கறுப்பில் மைனஸ் முனை வைத்தேன்.

மீட்டரில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ்.

மறுபடியும் வைத்தேன். மைனஸ்தான். பெட்டி முன்பு இருந்த சென்னை தியேட்டரில் எப்போதோ ரிப்பேர் பார்த்தவர்கள் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். சுவிட்ச் போட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் பல்பு பாழ். ட்ரையலும் பாழ். அப்புறம் மண்டபம்தான்.

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். குனிந்து ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார். ரத்தினம் வேட்டியைச் சரி செய்துகொண்டு, "எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வரேன்," என்று கீழே போனார். நான் பார்த்தவரை அவர் யாருக்கும் டீ சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அற்புதம் சுவிட்சைப் போட்டார். 'டிக்'கென்று ஒரு சத்தம். காலியான ஸ்கிரீனில் வெளிச்சம் விழுந்தது. அதில் மழைத் தண்ணீர் இறங்கிய தடம், ஒட்டுப் போட்ட தையல், வருஷக்கணக்கான பீடிப் புகை... எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ரத்தினம் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டார். மேட்னிக்குள் துடைக்கச் சொன்னார். ஏணி கிடைக்கவில்லை. கை எட்டிய உயரம் வரை ஸ்கிரீன் வெளுத்தது.

மேட்னி. பாதி நிரம்பிய கூட்டம். வசந்தாவும் நானும் பின்வரிசையில். எங்களுக்கு அடுத்த சேரில் ரத்தினம்.

அற்புதம் முதல் ரீலைப் பழைய கார்பன் மெஷினில் போட்டிருந்தார். ஏன் என்று முன்பே கேட்டிருந்தேன். "பழச மொதல்ல பாத்தாதான் சார் புதுசு இன்னான்னு தெரியும்."

முதல் இருபது நிமிஷம் வழக்கம்போல. மஞ்சள் ஹீரோ, மஞ்சள் வானம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தினம் என்னைப் பார்த்து, 'நான்தான் சொன்னேனே' என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

ரீல் மாறியது.

யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கல்யாண வீட்டு சீன். ஹீரோயின் முகத்தில் வியர்வை தெரிந்தது. பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக முகம் இருந்தது. அப்புறம் பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு விசில். பின்னாலேயே பத்து விசில். கைதட்டல். ஸ்கிரீனில் யாரோ ஒருவர் தட்டில் பூ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தக் கைதட்டல்.

இருபது நிமிஷம் கழித்து மூன்றாவது ரீல். மறுபடி பழைய மெஷின்.

"யோவ் ஆபரேட்டர்... லைட்டப் போடுய்யா."

"இன்னாபா ஆச்சி? கரன்ட்டு பூட்ச்சா?"

போன ஷோ வரை இதே மங்கலை வாய் பேசாமல் பார்த்த ஜனங்கள்தான். லேடீஸ் பக்கமிருந்து ஒரு அம்மா எழுந்து நேரே ரத்தினத்திடம் வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். "இன்னா நைனா இது? அந்த மெஷின்லயே ஓட்டாம பாதிப் படத்த எதுக்குப் பொகைல காட்டிகினு கீற?"

ரத்தினம் எழுந்து மாடிப்படி ஏறினார். பின்னாலேயே நான்.

"அற்புதம், எல்லா ரீலையும் அந்த வெள்ளை மெஷின்லயே ஓட்டு."

"ஓட்டலாம் மொதலாளி. ஆனா ஒரே மெஷின்னா ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தி, எடுத்து, மாட்டணும். மூணு நாலு நிமிஷம் இருட்டா கெடக்கும். ஜனங்க ஒத்துக்கணுமே."

ரத்தினம் யோசித்தார். அப்புறம் கீழே இறங்கி, படத்தை நிறுத்தச் சொல்லி, லைட்டைப் போடச் சொல்லி, ஸ்கிரீனுக்கு முன்னால் போய் நின்றார். தன் தியேட்டரில் அவர் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

"நல்லா தெரியற மெஷினு ஒண்ணுதான் கீது. அதுலயே ஓட்டணும்னா ரீலுக்கு ரீலு கொஞ்ச நேரம் குந்தி இருக்கணும். இருப்பீங்களா? இல்ல, இப்படியே ஓட்டட்டுமா?"

"இருக்கோம், போடு," என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல். அப்புறம் எல்லாக் குரலும்.

அன்றைக்குப் படம் ஐந்து தடவை நின்றது. ஐந்து தடவையும் ஜனங்கள் முறுக்கு தின்றார்கள், குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் வந்தார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கதையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒரு ஆள் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஷோவுக்கு வந்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். அவர்களிடமும் வாட்ச்மேன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்களும் போகவில்லை.

'ஜனங்களுக்கு இன்னா தெரியும்' என்ற வாக்கியத்தை ரத்தினம் அதற்கப்புறம் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியத்தான் செய்கிறது. பக்கத்திலேயே நல்லது ஒன்றைக் காட்டாதவரை நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு அளந்தவர் மறுபடி வந்தபோது, அவரை இரண்டாவது மெஷினிலும் செனான் பெட்டி வைக்க மேடை கட்டச் சொன்னார் ரத்தினம். இரண்டாவது விளக்குப் பெட்டி அந்த மாசமே வந்தது. புது ஸ்கிரீன் வந்தது. விநியோகஸ்தர் ஒருவர் காரில் வந்து, நடு வரிசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கைகொடுத்தார். ரத்தினத்துக்கு இல்லை, மேலே ஏறிப்போய் அற்புதத்துக்கு.

அந்த தீபாவளிக்கு எங்கள் கொட்டாயில் புதுப் படம் ரிலீஸ். சென்னையில் என்றைக்கோ அன்றைக்கே. மாமல்லபுரத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் ஊர்வலம். க்யூ பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போனது. இதே ஊர்க்காரர்கள் புதுப் படம் பார்க்க செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான். அன்றைக்கு செங்கல்பட்டுக்காரர்கள் சிலர் எங்கள் க்யூவில் நின்றார்கள். வசந்தா ஒருவரிடம், "அங்க டிக்கெட் கிடைக்கலயா?" என்று கேட்டாள். "இங்க நல்லா தெரியுதாமே," என்றார் அவர். அதைக் கேட்ட வசந்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தியேட்டரே அவளுடையது என்பது போல நின்றாள்.

ஷோ முடிந்ததும் ஆபரேட்டர் ரூமுக்குப் போனேன். புகை இல்லை. சுவரெல்லாம் வெள்ளை அடித்திருந்தார்கள். அற்புதம் புதுச் சட்டையில் இருந்தார், ஒரு பொட்டுக் கரி இல்லாமல். ஆனால் மனுஷன் ஏதோ யோசனையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அற்புதம், உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பல்பு அதும்பாட்டுக்கு எரியுது. ரீலு மாத்தற நேரம் போக கைக்கு வேல இல்ல. அதான், இன்னிக்கித்தான் மொத தபா ஒரு படத்த ஆரம்பத்துலேந்து முடிவு வரைக்கும் உக்காந்து பாத்தேன்."

"பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல முதல் படமா?"

"ஆமா சார்."

"எப்படி இருந்தது?"

ஜன்னல் ஓட்டை வழியாகக் காலியான ஸ்கிரீனை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார்... இத்தினி வருஷமா இதையா ஓட்டிகினு இருந்தேன்?"